ஒண்டுக் குடித்தனக் குருவிகள்

ஒரே வீட்டில் ஆறு குடித்தனங்கள் இருந்தால் சண்டை எங்கே ஆரம்பமாகும் என்று நேயர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. குழாயடியில்தான் ஆரம்பமாகும். நமது வீட்டுத் தாழ்வாரத்திலுள்ள பெருங்கூண்டில் குழாய் இல்லை. ஆகையால் அங்கே சண்டை ஒரு மண் கலயத்தில் ஆரம்பமாயிற்று. குருவிகள் கூடு வைத்துக் கொள்ளட்டும் என்று நாமே மூன்று கலயங்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். ஒன்று உயரத்தில்; மற்ற இரண்டும் அதற்கு ஒரு முழம் தாழ்வாக. உயரத்திலிருந்த கலயத்தின் வாயில் எந்நேரமும் போர். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை பார்த்தால், கூண்டின் தரையில், மூலையோரமாக, ஒரு சிறு பெட்டைக் குருவி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அதன் பிடரியிலும் முதுகிலும் இறகு என்பதே இல்லை. தோல் சிவந்து கிடந்தது.

வியாதி என்று எண்ணினோம். மருந்து தேடினோம். நமது கணக்கிலேதான் கோளாறு என்பது பிறகே தெரிய வந்தது.

இந்தக் குருவிகள் நம் வீட்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். கோடை விடுமுறையில் நம் பெண் குழந்தை ஒரு பறவைக் கடையைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து, “பிஞ்சு வாங்கித் தாருங்கள், அப்பா!” என்பதே பேச்சு. “வெண்டைப் பிஞ்சா, கத்தரிப் பிஞ்சா?” என்று பாட்டி விசாரித்தாள். தினை, சாமை போன்ற சிறு தானியம் தின்னும் சின்னஞ்சிறு குருவிகளுக்கு அயல்நாட்டார் இட்ட பெயர் அது என்று விளக்கியும் பாட்டிக்குத் திருப்தி ஏற்படவில்லை. கடைக்காரரோ, “எல்லாம் சாது ஸார்! ஒன்றோடொன்று சண்டை போடவே போடாது. எத்தனை வேண்டுமானாலும் ஒன்றாய்ப் போடலாம்” என்றார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? கத்தரிக்காய் பொறுக்குவது போல், கண்ணுக்கு அழகாகத் தோன்றியவற்றையெல்லாம் பொறுக்கினோம். ஜீப்ரா பிஞ்சு 5, பெங்காலி பிஞ்சு 4, கூல்டியன் பிஞ்சு 2, ஆகப் பதினொன்று. தச்சரை வைத்து 6 அடி நீளமும் 3 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள கூண்டு ஒன்று செய்வித்தோம். அகலமும் நீளமுமே முக்கியம், உயரம் அல்ல. குருவிகள் ஹெலிகாப்டரைப் போல் நேர் மேலே பறப்பதில்லை, குறுக்கே பறக்கின்றன. இந்த ஒரு விஷயத்திலாவது நாம் தவறவில்லை.

தவறியது எங்கே என்று சொன்னவர் அடுத்த தெருவில் வசிக்கும் ஒரு பெரியவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; முப்பது ஆண்டுகளாகக் குருவி வளர்க்கிறவர். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு கூண்டின் எதிரே கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, “நீங்கள் குருவி வாங்கியிருக்கிறீர்கள் தம்பி, ஜோடி வாங்கவில்லை” என்றார். ஜீப்ராக் குருவி ஐந்தில் ஆண் மூன்று, பெண் இரண்டு. சிவந்த மூக்கும், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும், விலாவில் வெள்ளைப் புள்ளிகளும் உள்ளவை ஆண்கள். சாம்பல் நிறத்தில் அடக்கமாயிருப்பவை பெண்கள். ஆக, ஒரு பிரம்மசாரி மிஞ்சியிருந்தான். அவன் இரண்டு குடும்பங்களின் நிம்மதியையும் கெடுத்துக் கொண்டிருந்தான். துரத்தித் துரத்திப் பெட்டையின் இறகைப் பிடுங்கியதில் பாதி அவன் கைவரிசை. மீதிப் பாதி, கூட்டுக்குள் மெத்தை போடப் பஞ்சு கிடைக்காத அடுத்த வீட்டு ஜோடியின் கைவரிசை. நார் கிடைக்காவிட்டால் இக்குருவிகள் அயலாரின் முதுகிலிருந்தே இறகை எடுத்துக் கொள்ளும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

ஜீப்ராக் குருவியின் ஸ்வபாவத்தை அறிய வேண்டுமானால் அதன் பிறந்தகத்தை அறிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பிரதேசம் அதன் நாடு. அங்கே மழை எப்போது பெய்யும் என்று சொல்ல இயலாது. பெய்துவிட்டால் புல் விளையும். புல் விளைந்தால் குஞ்சு பொரிக்கலாம். ஆகவே மழையைக் கண்டதும் தாமதமின்றி இல்லறம் நடத்தும் வழக்கம் அதன் இரத்தத்தில் ஊறியது. நம் வீட்டிலோ ஆண்டு முழுவதும் தட்டில் தினை, கிண்ணத்தில் தண்ணீர். குருவியின் பஞ்சாங்கத்தில் இது நிரந்தர முகூர்த்த காலம்! 4 முதல் 6 முட்டைகள். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு. மூன்றாம் வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வரும். ஐந்தாம் வாரத்தில் தானே தின்னும். மூன்று மாதத்திற்குள் அதுவும் கலியாணத்திற்குத் தயார். தகப்பன் அடுத்த ஈட்டுக்கு ஆயத்தமாகும்போது முந்தைய ஈட்டுக் குஞ்சுகளைக் கொத்தி விரட்டுவதும் உண்டு. இரண்டு மூன்று ஈடுகளுக்குப் பிறகு கலயங்களை எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். கலயம் இருக்கும் வரை சண்டையும் இருக்கும். பெட்டையின் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் முட்டை ஓடாகப் போய்க் கொண்டேயிருக்கும்.

அவர் சொற்படி செய்தவற்றில் பலன் தந்தவை இவை. ஜோடி ஒன்றுக்கு இரண்டு கலயம் வீதம் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் கட்டினோம். உயர்ந்த இடத்திற்குப் போட்டி போடுவது மனிதர்களின் தனிச்சொத்து என்று எண்ணியிருந்தோம், அல்ல. தேங்காய் நாரும் அறுகம்புல்லும் தாராளமாகப் போட்டோம். ஆனால் முட்டையிட்டவுடன் அவற்றை அகற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குருவி கட்டின வீட்டையே மேலும் மேலும் கட்டிக்கொண்டு போய், முட்டைகளின் மேல் ஒரு மெத்தையைப் பரப்பி, அதன் மேல் மறுபடி முட்டையிடும். தானியத் தட்டுகளை இரண்டு கோடியிலும் வைத்தோம். நடுவே வேப்பங்கொத்துகளைக் கட்டி மறைவு உண்டாக்கினோம். துரத்தப்படுகிற குருவி கண்ணுக்கு மறைந்தால் துரத்துகிற குருவிக்கு வந்த காரியம் மறந்து போகிறது. சுண்ணாம்புச் சத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடல் நுரை ஒரு துண்டு கட்டித் தொங்கவிட்டோம். குளிக்க அகலமான மண் தட்டு ஒன்று. பிரம்மசாரியை வேறு கூண்டுக்கு மாற்றினோம்.

முதுகு மொட்டையான பெட்டையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதற்குச் சிகிச்சை செய்வதாக எண்ணிக்கொண்டு முதலில் அதை மட்டும் தனியே எடுத்து உள்ளறையில் வைத்தோம். அன்று பகல் முழுவதும் அதன் ஆண் குருவி கூண்டின் கம்பியைப் பற்றிக்கொண்டு பொம்மைக் குழல் ஊதுவது போல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தட்டின் பக்கம் சரியாகப் போகவில்லை. உள்ளேயிருந்து பதில் குரல். மாலையில் நம் தாயாருக்குப் பொறுக்கவில்லை. “அதையும் பிடித்து இதனோடு விடு. பாவம் உனக்கு வேண்டாம்” என்றாள். விட்டோம். இரண்டும் ஒட்டி உட்கார்ந்து ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிட்டுக்கொண்டன. சில வாரங்களில் முதுகில் இறகு முளைத்துவிட்டது. தாயார் சொன்னதை விஞ்ஞானிகளும் வேறு பாஷையில் சொல்லியிருக்கிறார்கள். ஜோடி சேர்ந்த ஜீப்ராக் குருவியைப் பிரித்தால் அதன் இரத்தத்தில் மன உளைச்சலைக் காட்டும் சுரப்பு மிகுகிறது. பழைய துணை திரும்பி வந்தால் அது தணிகிறது. வேறொரு புதுத் துணையைக் கொண்டு வந்து விட்டால் அவ்விதம் தணிவதில்லை.

கூல்டியன் குருவிகள் வேறு ரகம். பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, ஊதா மார்பு. ஓவியன் வர்ணக் கிண்ணங்களையெல்லாம் கவிழ்த்துவிட்டாற் போலிருக்கும். ஜான் கூல்டு என்ற ஆங்கிலப் பறவை நூலார் 1841-ல் தம் மனைவி எலிசபெத்தை இழந்தார். அவருடைய நூல்களுக்குப் பல சித்திரங்கள் வரைந்து கொடுத்தவர் அந்த அம்மையார். அவர் நினைவாகவே இந்த வட ஆஸ்திரேலியக் குருவிக்குப் பெயரிட்டார். காட்டில் இவற்றுள் கருந்தலையுடையவை அதிகம், செந்தலையுடையவை குறைவு, மஞ்சள் தலை மிக அபூர்வம். செந்தலைக் குருவி வந்தால் கருந்தலைக் குருவி தட்டைவிட்டு விலகிக் கொள்கிறதென்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். ஆனால் ஜீப்ராக் குருவி வந்தால் எல்லாத் தலையும் விலகிக் கொள்கிறது! கூல்டியனுக்கு ஒட்டி உட்காரும் வழக்கமும் இல்லை, கோதிவிடும் வழக்கமும் இல்லை. ஜோடி கூட ஒரு சாண் இடைவெளி விட்டே உட்காரும். இதைப் பிணக்கு என்று எண்ணிக் குழந்தை வருந்தினாள். பிணக்கு அல்ல, மரியாதை. இவற்றுக்கு வேண்டியதெல்லாம் ஒரு அமைதியான கோடி, தனித்த தட்டு, மரப்பொந்து போன்ற ஒரு பெட்டி, மார்கழிக் குளிரில் கூண்டின் மேல் ஒரு கம்பளி. அவ்வளவும் கொடுத்தும், அவை நம் வீட்டில் இன்னும் முட்டையிட்டபாடில்லை.

இனி பெங்காலிக் குருவிகள். இவற்றுக்கும் வங்காளத்திற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கங்களிலும் காணப்படும் வெண்முதுகுத் தினைக்குருவியைச் சீன தேசத்திலிருந்து ஜப்பானியர் வரவழைத்து, சுமார் 250 ஆண்டுகளாக வீட்டிலேயே வளர்த்துப் பழக்கி உண்டாக்கிய இனம் இது. காட்டில் இது கிடையாது. மூக்கும் முகமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் இருக்கும்; பாடினால் ஆண், பாடாவிட்டால் பெண் என்று கொள்ள வேண்டியதுதான். இதைப் போன்ற சாதுவைக் காண்பது அரிது. நான்குக்கும் சேர்த்து நான்கு கலயம் கொடுத்தாலும் இரவில் நான்கும் ஒரே கலயத்தில்தான் படுக்கும். சில சமயம் பரோபகார சிந்தை மிகுந்து ஜீப்ராக் குருவியின் கலயத்திலும் போய்ப் படுத்து, அங்குள்ள முட்டையை உருட்டி விடுவதுண்டு. பிறர் முட்டையை அடைகாத்து, பிறர் குஞ்சுக்கு இரை ஊட்டி வளர்ப்பதில் இதற்கு நிகர் இல்லை. ஆகையால் குருவி வளர்ப்போர் பலர் இதைச் செவிலித் தாயாகவே வைத்திருக்கிறார்கள்.

நாமும் வைத்தோம். இங்கேதான் நாம் வாசகர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

முன்னே சொன்னபடி ஜீப்ரா ஜோடி ஒன்று முட்டைகளின் மேல் மெத்தை பரப்பிவிட்டது. அடியில் சிக்கிய மூன்று முட்டைகளைக் குழந்தை கண்டுபிடித்தாள். அச்சமயம் ஒரு பெங்காலி ஜோடி கூமுட்டைகளின் மேல் அடைகாத்துக் கொண்டிருந்தது. கூமுட்டைகளை எடுத்துவிட்டு இந்த மூன்றையும் வைத்தோம். தொந்தரவு இருக்கக் கூடாதென்று அந்தக் கலயத்தையும் ஜோடியையும் ஒரு சிறு கூண்டில் போட்டு மாடி அறைக்குக் கொண்டு போனோம். ஒன்றே ஒன்று பொரித்தது. அதற்கு அப்பு என்று பெயர் சூட்டினாள் குழந்தை. வளர்ப்புப் பெற்றோர் அவித்த முட்டையும் முளைகட்டிய தினையும் ஊட்டி, அப்புவைக் கொழுகொழுவென்று வளர்த்தார்கள். சிவந்த மூக்கு வந்தது. கன்னத்தில் பொட்டு வந்தது. கீழே கொண்டுவந்து விட வேண்டும் என்று எண்ணினோம். இன்றைக்கு, நாளைக்கு என்று ஆறு மாதம் ஓடிவிட்டது. சோம்பல், வேறு காரணம் சொல்வதற்கில்லை.

அப்பு பாட ஆரம்பித்தான். ஜீப்ராவின் கீச்சுக் குழல் அல்ல அது. பெங்காலித் தகப்பனின் இழுப்பும் உருட்டலும் கொண்ட பாட்டு. குழந்தைக்குப் பரம சந்தோஷம். நாமும் வேடிக்கை என்றே நினைத்தோம். அவனுக்கென்று நல்ல ஜீப்ராப் பெட்டை ஒன்றை வாங்கி வந்து, வளர்ப்புப் பெற்றோரையும் சேர்த்து, எல்லோரையும் பெருங்கூண்டில் விட்டோம். அந்தப் பெட்டை அவன் அருகில் வந்து வந்து உட்கார்ந்தது. அவன் நகர்ந்து நகர்ந்து போனான். பெங்காலிப் பெட்டையின் எதிரே போய் நின்று, இறகைச் சிலிர்த்து, குதித்துக் குதித்துப் பாடினான். அதுவோ அவனைக் குஞ்சாக வளர்த்தது. ஒன்றும் புரியாமல் விழித்தது. பிறகு மற்ற பெங்காலிப் பெட்டையிடம் போனான். தன் இனத்தார் ஐந்து பேர் அதே கூண்டில் இருந்தும் அவர்களில் ஒருவரையும் அவன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பெரியவரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “எத்தனை நாள் மாடியில் வைத்திருந்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

கிளவுஸ் இம்மல்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1960-களில் இதே சோதனையை முறையாகச் செய்து பார்த்தவர். பெங்காலிக் குருவிகள் வளர்த்த ஜீப்ரா ஆண் குஞ்சுகள், தம் இனத்தைக் காணாமல் வளர்ந்தால், பெரியவையானதும் பெங்காலிப் பெட்டைகளையே நாடின. பாட்டையும் வளர்த்த தகப்பனிடமே கற்றன. தன் இனம் எது, தன் துணை எப்படியிருக்கும் என்பதைக் குஞ்சு கூட்டைவிட்டு வந்த சில வாரங்களுக்குள் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் மனத்தில் எழுதிக்கொள்கிறது. சுமார் மூன்று மாதத்தில் பாட்டு நிலைபெற்று விடுகிறது. பிறகு அந்த எழுத்தை அழிப்பது கஷ்டம். குஞ்சு தானே தின்னத் தொடங்கியவுடன், அதாவது ஐந்தாம் ஆறாம் வாரத்திலேயே, தன் இனத்தாரிடையே கொண்டுவந்து விட்டிருந்தால் பெரும்பாலும் இந்தக் கதி நேர்ந்திராது. செவிலித் தாயை நாடுவோர் இதை மறக்கலாகாது.

துணை தேடும் விஷயத்தில் குருவிகளின் கண் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இன்னொரு வேடிக்கை. அடையாளத்துக்காகக் காலில் வர்ண வளையம் மாட்டும் வழக்கமுண்டு. 1980-களில் நான்ஸி பர்லி என்ற அமெரிக்கப் பெண்மணி, சிவப்பு வளையம் மாட்டிய ஜீப்ரா ஆணைப் பெட்டைகள் விரும்புவதையும், பச்சை வளையம் மாட்டியவனை ஒதுக்குவதையும் கண்டறிந்தார். மாப்பிள்ளையின் யோக்கியதை வளையத்தில் இருக்கிறது! நாம் வளையமே மாட்டுவதில்லை என்று தீர்மானித்துவிட்டோம்.

எந்தக் குருவியோடு எதைச் சேர்க்கலாம் என்று கேட்போருக்கு நமது அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவே. ஜீப்ராவானால் ஒரு ஜோடி வையுங்கள். இடமிருந்தால் மூன்று ஜோடி வையுங்கள். இரண்டு ஜோடி வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்றே குறிவைத்துக்கொண்டிருக்கும். குஞ்சு வேண்டாம், குருவி போதும் என்பவர்கள் கலயமே இல்லாமல் இரண்டு ஆண்களை வைக்கலாம். சேர்ந்து வளர்ந்த அண்ணன் தம்பி போன்றவை மிகவும் அன்னியோன்னியமாயிருக்கும். தனிக் குருவி ஒன்றை மட்டும் வைத்து, கண்ணாடியைக் காட்டி ஏமாற்றுவது கொடுமை. நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் சிறு கிளிகளை இவற்றோடு விடவே கூடாது. பெயரில்தான் காதல், அலகால் சின்னக் குருவியின் காலைக் கடித்துத் துண்டித்து விடும். உடல் பெருத்த ஜாவாக் குருவியும் சிறு கூண்டில் சிறியவற்றை மிரட்டும்.

நம் வயல்வெளித் தினைக்குருவிகளைப் பிடித்து, சில சமயம் சாயமும் பூசி, இரகசியமாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றை வாங்குவதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக் கிளிக்கும் இதுவே விதி. ஒரு காலத்தில் நமது சிவப்புத் தினைக்குருவிகள் ஆமதாபாத்திலிருந்து கப்பலேறி ஐரோப்பிய மாளிகைகளுக்குப் போயின. ஆங்கிலத்தில் அதன் பெயரே அந்த ஊர்ப் பெயரின் சிதைவு. அந்தக் கதை போதும். கூண்டிலே பிறந்து வளர்ந்த அயல்நாட்டுக் குருவியைப் புண்ணியமென்று எண்ணித் தோட்டத்தில் பறக்கவிடுவதும் தகாது. இரை தேடவும் காக்கைக்குத் தப்பவும் அது அறியாது.

அப்புவுக்கென்று வாங்கிய பெட்டையைப் பற்றிக் குழந்தை கவலைப்பட்டாள். தனிக்கூண்டில் இருந்த பிரம்மசாரியின் அருகில் அதைக் கொண்டு போய் வைத்தோம். முதல் இரண்டு நாள் கம்பி வழியாகவே பேசிக்கொண்டன. மூன்றாம் நாள் கதவைத் திறந்துவிட்டோம். இப்போது பெருங்கூண்டில் ஜீப்ரா ஜோடிகள் மூன்று. கலயங்கள் ஒரே மட்டத்தில். அவனும் குடும்பஸ்தனாகி அடங்கிவிட்டான்.

அப்புவை வேறு எங்கும் மாற்றவில்லை. பகலில் பெங்காலிகளோடு தானியம் பொறுக்குகிறான், அவர்களோடு குளிக்கிறான், தகப்பன் பாடும்போது சேர்ந்து பாடுகிறான். பெட்டைகளின் எதிரே குதிப்பது வரவரக் குறைந்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு நாம் விளக்கேற்றுமுன் நான்கு பெங்காலிகளும் ஒவ்வொன்றாகக் கலயத்துக்குள் நுழையும். கடைசியாக அவன் நுழைவான். உள்ளே இடம் போதாது. பழுப்புத் தலைகளுக்கு நடுவே அவனுடைய சிவந்த மூக்கு மட்டும் கலயத்தின் வாயில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தை கூண்டின் மேல் துணியைப் போர்த்துகிறாள்.